ஊழா? உளமா? ஊரா?

ஒரு கொலை நடந்தால் இரண்டு கேள்விகள் பிறக்கின்றன. கொன்றவன் எவன் என்பது ஒன்று; ஏன் கொன்றான் என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை காணக் காவலர் உண்டு, வழக்குமன்றம் உண்டு, சாட்சிக் கூண்டு உண்டு. பின்னதற்கோ, கைக்குக் கிடைத்த விடையைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதே வழக்கமாகிவிட்டது. "எல்லாம் தலையெழுத்து" என்பார் ஒருவர். "பிறவியிலேயே கொடியவன்" என்பார் இன்னொருவர். "மனக்கோளாறு" என்பார், நாலு நூல் படித்த மூன்றாமவர். மூவரும் வெவ்வேறு மொழி பேசுவதுபோலத் தோன்றும். ஆனால் மூவர் விடையிலும் மறைந்து கிடக்கும் பொருள் ஒன்றே: இதில் நமக்குப் பங்கில்லை!

அந்தப் பங்கு எவருக்கு, எவ்வளவு என்று கணக்கெடுக்கவே இங்கே முற்படுகிறோம். அதற்கு நாம் எடுத்துக்கொள்வன இரண்டு நூல்கள். ஒன்று, இளங்கோவடிகளின் சிலப்பதிகாரம். மற்றொன்று, 1975இல் வெளிவந்து, 1977இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற, இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. ஒன்று பழங்காப்பியம், மற்றொன்று புது நாவல். ஒன்றில் மதுரையில் வெட்டுண்டு வீழ்கிறான் ஒரு வணிகன்; மற்றொன்றுக்குப் பின்னணி, கீழத்தஞ்சையில் குடிசையோடு கொளுத்தப்பட்ட உழைப்பாளிகள். காலம் வேறு, களம் வேறு, கேள்வி ஒன்றே. மனிதன் மனிதனுக்குக் கேடு செய்வது ஏன்?

சிலம்பைத் திறனாயத் தொட்டாலே சிலர் முகம் சுளிப்பர். முத்தமிழ்க் காப்பியமன்றோ, மூவேந்தர் நாட்டையும் ஒரு நூலில் கோத்ததன்றோ, நம் மேடைகளில் முழங்கியதன்றோ, 1964இல் கலைஞரின் எழுத்தில் 'பூம்புகார்' எனப் படமானதன்றோ என்பர். உண்மைதான். அதே சிலம்பைப் பெரியார் கடுமையாகக் கண்டித்தார் என்பதும் உண்மைதான். போற்றியவரும் நம்மவர், சாடியவரும் நம்மவர். பகுத்தறிவு இயக்கத்துக்கு அது இழுக்கன்று. பாடப்படும் நூலும் பரிசோதிக்கப்படும் நூலும் ஒன்றாகவே இருக்கலாம் என்பதற்கு அது சான்று.

கண்ணும் கொள்கையும்

காப்பியத்தின் பதிகம் மூன்று உண்மைகளை முன்வைக்கிறது. ஆட்சியில் பிழை செய்தவனை அறம் தண்டிக்கும் என்பது ஒன்று. பத்தினியைப் பெரியோர் வணங்குவர் என்பது ஒன்று. பழவினையின் பயனிலிருந்து எவரும் தப்ப இயலாது என்பது ஒன்று. இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் ஒரே வீட்டில் குடியிருக்க இயலுமா என்று கேட்கிறோம். கோவலன் சாவு பழவினையின் பயன் என்றால், பாண்டியன் செய்த பிழைதான் என்ன? வினையின் கையில் கருவியாக இருந்தவனை அறம் ஏன் தண்டிக்க வேண்டும்? பாண்டியன் பிழை செய்தது மெய்யானால், பழவினைக்கு அங்கே என்ன வேலை?

நூலின் முகப்பிலேயே இம்முரண் நிற்கிறது. ஆனால் கொலைக்களக் காட்சிக்கு வந்துவிட்டால், கவிஞரின் கொள்கையைவிடக் கவிஞரின் கண் கூர்மையானது என்பதை உணர்கிறோம்.

பாருங்கள். கோப்பெருந்தேவியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். திருட்டு வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தோடு இருப்பவன் அவன். அந்த வேளையில், ஊருக்குப் புதியவன், கேட்பாரற்றவன், கையில் அதே போன்ற சிலம்போடு அவனிடமே வந்து விலை கேட்கிறான். தன் தலையைக் காத்துக்கொள்ள இன்னொரு தலை கிடைத்துவிட்டது! பொற்கொல்லன் பேயல்லன், கோவலன்மேல் அவனுக்குப் பகையும் இல்லை. அவனைத் தூண்டியது அச்சம். வழியைக் காட்டியது, வந்தவனுக்கு ஊரில் ஆளில்லை என்ற நிலை.

அடுத்தவன் அரசன். ஆடல் மகளிரிடத்தில் அரசன் உள்ளம் செல்வதைக் கண்டு ஊடிய தேவி, தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அவளைத் தேற்றும் அவசரத்தில் அந்தப்புரம் நோக்கிச் செல்பவன் காலில் விழுகிறான் பொற்கொல்லன். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டு வருக என்று ஆணை பிறக்கிறது. ஆணையில் ஒரு நிபந்தனை இருக்கிறதே என்பர் சிலர். இருக்கிறது. ஆனால் அது நிறைவேறியதா என்று பார்க்கும் பொறுப்பு யாரிடம் போயிற்று? குற்றம் சாட்டியவனிடமே போயிற்று! அரசனுக்குக் கோவலன்மேல் வஞ்சமில்லை. அவனிடம் இருந்தது அவசரம். தட்டிக்கேட்க ஆளில்லாத அதிகாரம்.

மூன்றாவதாக வருவோர் காவலர். இங்கேதான் இளங்கோவின் பேராற்றலைக் காண்கிறோம். கோவலனைப் பார்த்த காவலர், இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றமாக இல்லையே என்று தயங்குகின்றனர். அவர்கள் நெஞ்சில் நீதி உயிரோடுதான் இருக்கிறது. அதைக் கொல்லப் பொற்கொல்லன் எடுக்கும் ஆயுதம் எது? வாளன்று, நூல்! களவு நூல் என்று ஒன்றைக் காட்டி, கள்வர் கையாளும் எட்டு வகைகளை அடுக்குகிறான். மந்திரத்தால் மறைவராம், மருந்தால் மயக்குவராம். நல்லவனாகத் தெரிகிறானே என்று காவலர் சொன்னால், அப்படித் தெரிவதே கள்வனின் திறம் என்று ஆகிவிடுகிறது. நிரபராதி தன்னை நிரூபிக்க வழியே இல்லாத சாத்திரம் அது. ஒரு கொடுமைக்கு மனம் இசையாதபோது, இசைய வைக்க ஒரு நூல் வந்து நிற்கும் என்பதை மனுநூலின் வரலாற்றை அறிந்த நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நூல் ஒரு பக்கம் அழுத்த, அச்சம் மறுபக்கம் அழுத்துகிறது. கள்வனைத் தப்பவிட்டால் மன்னன் நம்மை வருத்துவானே, என்ன செய்வது என்று கலங்குகிறான் ஒரு காவலன். அந்தக் கலக்கம் முடியுமுன், கல்வியறிவற்ற குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். முடிந்தது கதை.

வாள் ஒருவன் கையில் இருந்தது. ஆனால் கொலையை எத்தனை பேர் செய்தனர்? திருடியவனின் அச்சம், ஆண்டவனின் அவசரம், பொய்ந்நூலின் துணை, காவலரின் கலக்கம், குடியனின் வெறி: ஐந்தும் சேர்ந்து செய்தன. ஐந்தில் ஒன்று குறைந்திருந்தாலும் கோவலன் பிழைத்திருப்பான். தீமை எப்படி உற்பத்தியாகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சி உலக இலக்கியத்திலேயே குறைவு. இங்கே விதிக்கு வேலையே இல்லை! ஒவ்வொரு கண்ணியும் மனிதர் கையால் செய்யப்பட்டது. மனிதர் கையால் அறுக்கப்பட்டிருக்கக் கூடியது.

தெய்வம் வந்து துடைத்த பழி

இவ்வளவு தெளிவாகக் கண்ட கவிஞர், பிறகு என்ன செய்கிறார்? மதுராபதித் தெய்வத்தை அழைத்து வருகிறார். முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற பெயரோடு இருந்தானாம். சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்வித்தானாம். சங்கமன் மனைவி நீலியின் சாபம் இப்போது பலித்ததாம்.

இந்த விளக்கம் செய்யும் வேலையைக் கவனியுங்கள். கொலையுண்டவன் குற்றவாளி ஆகிவிட்டான்! பொற்கொல்லனும் பாண்டியனும் காவலரும் பழைய கடனை வசூலிக்க வந்த ஏவலர் ஆகிவிட்டனர். கணவனை இழந்து நீதி கேட்டவளிடம், உன் கணவன் செய்ததற்கு உன் கணவன் பட்டான் என்று சொல்லி அனுப்புகிறது தெய்வம். வினைக்கொள்கையின் இயல்பே இதுதான். சேரியில் பிறந்தவனைப் பார்த்து, முற்பிறப்பில் நீ செய்த பாவம் என்று அது சொல்லவில்லையா? கைம்பெண்ணைப் பார்த்து அதையே சொல்லவில்லையா? அடிபட்டவனிடமே அடிக்குக் காரணம் கேட்கும் கொள்கை அது.

இங்கே இன்னொன்றும் உண்டு. கண்ணகி தன் சிலம்பை உடைத்துக் காட்டியபோது பாண்டியன் ஊழைச் சாட்டவில்லை. அமைச்சரைச் சாட்டவில்லை, பொற்கொல்லனைக்கூடக் காரணம் காட்டி ஒதுங்கவில்லை. கள்வன் தானே என்று ஒப்புக்கொண்டு உயிரை விட்டான். காப்பியம் முழுவதிலும் பொறுப்பை நேர்நின்று ஏற்றவன் அவன் ஒருவனே. மன்னன் ஏற்ற பழியைத் தெய்வம் வந்து துடைக்கிறது! மனிதன் உயர்ந்து நின்ற இடத்தில் தெய்வம் தாழ்ந்து நிற்பதைத் தன்னை அறியாமலே பாடியிருக்கிறார் அடிகள் என்போம்.

ஆயிரம் பொற்கொல்லர்

காப்பியத்தில் எவரும் கண்கலங்காத கொடுமை ஒன்று உண்டு. நெடுஞ்செழியனுக்குப்பின், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று நூல் சொல்கிறது. ஒருவன் திருடினான், ஆயிரவர் தலை போயிற்று. அந்த ஆயிரவர் செய்த குற்றம் என்ன? பொன்னை உருக்கும் உலையருகே பிறந்தது! அவர்களுக்குப் பெயரில்லை. அவர்களுக்காகச் சிலம்பை ஏந்தி அரண்மனை வாயிலில் நின்ற மனைவி எவளும் காப்பியத்தில் இல்லை. கோவலன் ஒருவன் சாவுக்கு ஒரு காண்டமே அழுகிறது. ஆயிரவர் சாவைப் பற்றி அழ ஒரு காதைகூட இல்லை. அது கொலை என்றுகூடப் பெயர் பெறவில்லை. சாந்தி என்றும் வேள்வி என்றும் பெயர் பெறுகிறது. மழை பெய்தது, நாடு செழித்தது என்று முடிந்துவிடுகிறது.

தீமையின் மிகப் பெரிய வெற்றி இதுவே. ஒருவனைக் கொன்றவன் நெஞ்சம் குறுகுறுக்கக் கூடும். ஒரு கூட்டத்தையே ஓர் ஆளாக எண்ணிவிட்டால் நெஞ்சமும் குறுகுறுப்பதில்லை. ஊரும் விழா எடுக்கிறது. மதுரைக்குத் தீ வைக்கும்போது கண்ணகி விட்டுவிடச் சொல்லும் பட்டியல் பார்ப்பாரில் தொடங்குகிறதே, அதையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பிறப்பால் காக்கப்படுவோர் சிலர். பிறப்பால் பலியாவோர் சிலர். பொற்கொல்லன் தீயவனாக இருந்தது ஒரு நாள் தீமை. பிறப்பை வைத்து உயிருக்கு விலை போடுவது நெடுநாள் தீமை. முன்னதைக் காட்டிக் கொதித்த காப்பியம், பின்னதைச் சொல்லிவிட்டுக் கடந்து போகிறது.

விதி போய் வியாதி வந்தது

இனிப் புது நாவலுக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டனர். தாழ்த்தப்பட்ட மக்கள், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி நெல் கூடக் கேட்டதும், செங்கொடிச் சங்கம் வைத்ததும் அவர்கள் சமூகம் செய்த குற்றம். அப்போது கோட்டையில் இருந்தது அண்ணாவின் அரசு. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு இந்த நூலைத் திறனாய நமக்கு உரிமை இல்லை. ஆட்சி மாறிய செய்தி வயல் வரப்பு வரை போய்ச் சேர நாளாகும் என்பதை அந்த இரவு எரித்துக் காட்டிற்று.

இந்நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டது 'குருதிப்புனல்'. பலர் வாய்மூடி இருந்த பொருளை நாவலாக்கிய துணிவைப் பாராட்டவே வேண்டும். ஆனால், நிலக்கிழார் கண்ணையா நாயுடுவின் கொடுமைக்கு நாவலாசிரியர் காட்டும் வேர் எது? அவனுடைய ஆண்மைக் குறை! உடலில் உள்ள குறையை ஊரை ஆட்டிப்படைத்து மறைக்க முயலும் மனம். அந்த மனத்தின் புழுக்கம் நெருப்பாகிறது. இடதுசாரி இயக்கத்தார் அந்நாளிலேயே இதை மறுத்தனர். நாமும் மறுக்கிறோம், காரணத்தோடு மறுக்கிறோம்.

நாயுடுவின் உடலில் குறை இல்லாதிருந்தால் அரைப்படி நெல்லை அளந்து கொடுத்திருப்பாரா? அன்று மிராசுதாரர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஓர் அமைப்பே வைத்திருந்தனரே, அதன் உறுப்பினர் அனைவருக்கும் அதே குறைதானா? தஞ்சைப் பண்ணைகளில் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தனவே, தலைமுறை தலைமுறையாக அதைச் செய்தவரெல்லாம் ஆண்மையற்றவரா? உளநூல் ஒரு மனிதனின் புதிரை அவிழ்க்கலாம். ஒரு வர்க்கத்தின் பழக்கத்தை, ஒரு சாதியின் செருக்கை, ஒரு மாவட்டத்தின் கூலி முறையை அது அவிழ்க்காது.

கொடுமையைத் தனி மனிதனின் நோயாக்கிவிட்டால் ஒரு வசதி உண்டு. படிக்கும் பண்ணையார், "நமக்கு அந்த நோய் இல்லை" என்று நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடலாம். சிலம்பில் பழி முற்பிறப்புக்குப் போயிற்று. நாவலில் பழி மருத்துவர் வீட்டுக்குப் போகிறது. இரண்டு வழியிலும் நிலமும் சாதியும் கூலியும் பழியின்றி இருந்த இடத்திலேயே இருக்கின்றன. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெண்மணிக்குப்பின் 1969இல் உழவுத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலியும் குத்தகையும் சட்டத்தால் தொடக்கூடியவை என்பதற்கு அவையே சான்று. சட்டம் போட்டுத் தொடக்கூடிய ஒன்று விதியாக இருக்க முடியாது. ஆண்மைக் குறையாகவும் இருக்க முடியாது.

இந்த வழக்கு 1973இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் முடிந்த விதத்தையும் இங்கே நினைக்க வேண்டும். கீழ்மன்றம் தண்டித்த நிலக்கிழார்கள் விடுதலை ஆயினர். நிலபுலமும் செல்வமும் படைத்தவர்கள் தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பர் என்பது நம்பத் தகுந்ததாக இல்லை என்ற கருத்துத் தீர்ப்பில் இடம்பெற்றது. மதுரைக் காவலர் நினைவுக்கு வருகின்றனரா? பார்த்தால் குற்றவாளியாகத் தெரியவில்லையே என்று அவர்களும் சொன்னார்கள். வந்தேறி வணிகனுக்காக எழுந்த அந்த ஐயம் காற்றில் போயிற்று. மிராசுதாரருக்காக எழுந்த அதே ஐயம் தீர்ப்பாயிற்று! குற்றத்துக்கு ஏழையின் முகம்தான் இருக்கும் என்ற எண்ணம், ஊழையும் உளநூலையும்விட ஆழமாக வேரோடியிருக்கிறது.

பணிந்தவரும் மறுத்தவரும்

மேலை நாட்டார் இதே கேள்வியை ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுபோனார்கள். 1961இல் அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளநூலறிஞர் ஒரு சோதனை நடத்தினார். பக்கத்து அறையில் இருப்பவர் தவறான விடை சொல்லும்போதெல்லாம் மின் அதிர்ச்சி கொடுக்கும்படி சாதாரண மக்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் மின்சாரம் பாயவில்லை. பக்கத்து அறையில் இருந்தவர் நடித்தார். ஆனால் பொத்தானை அழுத்தியவர்க்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட்டு வரை, கடைசிப் பொத்தான் வரை போனார்கள். பலர் வியர்த்தார்கள், நடுங்கினார்கள், ஆனாலும் அழுத்தினார்கள். அருகில் நின்ற ஆய்வாளர், தொடருங்கள் என்று சொன்னதே போதுமானதாயிற்று. மதுரைக் காவலரை அந்த 26 பேரிலும் காண்கிறோம்.

அதே 1961இல் எருசலேமில் அடால்ஃப் ஐக்மன் கூண்டில் நின்றான். யூத மக்களை இலட்சக்கணக்கில் கொலைமுகாம்களுக்கு இரயிலேற்றிய அதிகாரி. ஆணைக்குப் பணிந்தேன் என்றான். அவனை நேரில் கண்டு எழுதிய ஹன்னா அரென்ட், 1963இல் வெளியிட்ட நூலில், தீமைக்கு அரக்க உருவம் தேவையில்லை, சிந்திக்க மறுக்கும் எழுத்தரின் உருவமே போதும் என்ற கருத்தை வைத்தார். அர்ஜென்டினாவில் மறைந்து வாழ்ந்த நாளில் அவன் பேசிய பேச்சுகள் பின்னர் ஆராயப்பட்டபோது, அவன் வெறும் எழுத்தன் அல்லன், இனவெறியை நம்பியவன், செய்ததில் பெருமை கொண்டவன் என்பதும் வெளிப்பட்டது. ஆகவே பணிவு மட்டும் போதாது. பணிவதற்குச் சுவையூட்ட ஒரு கொள்கையும் வேண்டும். மதுரையில் களவு நூல் செய்த வேலையை, ஜெர்மனியில் இனநூல் செய்தது. இங்கே மனுநூல் செய்தது.

"எல்லாம் ஊரின் குற்றம் என்றால், தனி மனிதன் தப்பிவிடுவானே?" என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். தப்பமாட்டான். அந்த 40 பேரில் 14 பேர் கடைசிவரை போக மறுத்தார்கள் அல்லவா? அமைப்பு அழுத்தும், ஆனால் அழுத்தம் விதியாகாது. அதனால்தான் ஊழ் வேறு, ஊர் வேறு என்கிறோம். ஊழை எவரும் மறுக்க முடியாது என்கின்றனர். ஊரை மறுக்கலாம், மறுத்தவர் உண்டு.

மில்கிராம் இன்னொரு முறையும் சோதித்தார். அருகில் உடன் அமர்ந்த இருவர், இனி முடியாது என்று எழுந்துவிடும்படி ஏற்பாடு செய்தார். அப்போது 40 பேரில் கடைசிவரை போனவர் எத்தனை பேர்? வெறும் 4 பேர்! அறை அதே அறை, ஆய்வாளர் அதே பதவிக்காரர். வேறுபாடு ஒன்றுதான்: மறுப்பதற்குத் துணை கிடைத்தது. மதுரைக் காவலருக்குக் கிடைக்காதது அதுதான். அவர்கள் ஐயத்தைப் பேசினார்கள். எவனும் வாளுக்குக் குறுக்கே நிற்கவில்லை. முதல் காவலன் குறுக்கே நின்றிருந்தால் இரண்டாமவன் நின்றிருப்பான். இருவர் நின்றிருந்தால் குடிகாரன் வாளை உறையில் இட்டிருப்பான்.

நாம் இன்று வாழும் ஊரைப் பாருங்கள். 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி மீறி மணந்த இளைஞன் ஒருவனை வெட்டிச் சாய்த்தார்கள். வெட்டியவர் கையில் அரிவாள் இருந்தது. அரிவாளுக்குப் பின்னால் எத்தனை திண்ணைப் பேச்சு, எத்தனை உறவினர் ஏளனம், எத்தனை 'மானம்' என்ற சொல்! சுற்றி நின்றோர் கண்ணெதிரே அது நடந்தது. அதை விதி என்பவன் பொய்யன். ஒரு குடும்பத்தின் வெறி மட்டுமே என்பவன் பாதி பொய்யன். அந்த வெறிக்கு அரிசி அளந்து, சோறு ஆக்கி, இலை போட்டது ஊர்.

ஆகவே, தோழர்களே, சிலம்பைப் படியுங்கள். கொலைக்களக் காட்சியை இருமுறை படியுங்கள். அதில் இளங்கோவின் கண்ணை நம்புங்கள். மதுராபதி பேசும்போது நம்பாதீர்கள். ஆயிரம் பொற்கொல்லர் என்ற சொல் வரும்போது புத்தகத்தைச் சற்றே மூடி வைத்து, அவர்களுக்காக ஒரு நொடி நில்லுங்கள்; காப்பியம் நிற்காத இடம் அது. 'குருதிப்புனல்' படியுங்கள், தீயைக் காட்டியதற்காகப் பாராட்டுங்கள், தீக்குச்சியை வேறிடத்தில் தேடியதற்காக வாதாடுங்கள்.

பிறகு உங்கள் தெருவுக்கு வாருங்கள். தேநீர்க் கடையில் ஒருவன் ஒரு சாதியையே கள்வர் கூட்டம் என்று பேசும்போது, அங்கே ஒரு களவு நூல் எழுதப்படுகிறது என்று உணருங்கள். வீட்டில் பெரியவர் மானம் போயிற்று என்று குமுறும்போது, அங்கே ஒரு வாள் தீட்டப்படுகிறது என்று உணருங்கள். அப்போதே மறுத்துப் பேசுங்கள். நீங்கள் ஒருவராக எழுந்தால், உங்கள் அருகில் இருப்பவர் இரண்டாமவராக எழுவார். அந்த இரண்டாமவர் எழும் வரையில், முதலாமவராக நிற்பதே பகுத்தறிவாளன் கடமை.